உஷார்! அடிக்கல் நாட்டுமுன் வெள்ள மட்டத்தைப் பாருங்கள்

திருகோணமலை மாவட்டத்தில் எங்காவது ஒரு காணியில் ‘பசுமை வளாகம்’ என்றோ ‘நிலைபேறான பல்கலைக்கழகம்’ என்றோ பெயர்ப்பலகை நட்டால், கைதட்டுவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள். கடைசிப் பெருவெள்ளத்தில் இந்தக் காணியில் தண்ணீர் எந்த உயரத்துக்கு நின்றது? முழங்கால் அளவா, இடுப்பளவா, நிற்கவே இல்லையா? திட்டம் போட்டவர்களிடம் இதற்கு அளவோடு பதில் இல்லையென்றால் உடனே உஷாராகுங்கள். கூரையில் எத்தனை சூரிய மின்படலம் பூட்டினாலும், எத்தனை ஆயிரம் மரக்கன்று நட்டாலும், தண்ணீர் நிற்கிற காணி தண்ணீர் நிற்கிற காணிதான்.

இதை இப்போதே சொல்லவேண்டிய காரணம் உண்டு. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் 1993இல் ஒரு பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 2001இல் வளாகமாக உயர்ந்தது. இன்று நிலாவெளிப் பக்கம் கோணேசபுரியில் இயங்குகிறது. தொடர்பாடல், வணிகம், பிரயோக விஞ்ஞானம், சித்த மருத்துவம் என்று பிள்ளைகள் படிக்கிறார்கள். அது இன்னும் வளரவேண்டும், ஒரு நாள் தனிப் பல்கலைக்கழகமாக நிற்கவேண்டும் என்று மனதார விரும்புகிறவன் நான். வளரும்போது புதுப் பீடங்கள் வரும், விடுதிகள் வரும், ஆய்வுகூடங்கள் வரும். வெளிநாட்டு உதவி வரும். புலம்பெயர்ந்த நம்மவர்கள் தனியார் கல்லூரி கட்டவும் முன்வருவார்கள். இன்றைய காலத்தில் அந்தக் காசு ‘பசுமை’ என்ற சொல்லோடுதான் வரும். அந்தச் சொல்லைக் கேட்டவுடன் மற்றக் கேள்விகளை மறந்துவிடுவோமோ என்பதுதான் என் பயம்.

முதலில் நிலத்தைப் பாருங்கள். நகரத்திலிருந்து உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளி என்று வடக்கே போகும் கரை பல இடங்களில் ஒடுங்கிய மணல் பட்டி. கிழக்கே கடல். மேற்கே களப்பு, உப்பளம், சதுப்பு, வயல். திருகோணமலைத் துறைமுகத்தின் உட்புறம் குன்றுகளால் அணைக்கப்பட்ட ஆழமான இயற்கைத் துறைமுகம். அதனால் ‘எங்கள் ஊர் பாதுகாப்பானது’ என்ற எண்ணம் பலரிடம் ஊறிக் கிடக்கிறது. அந்தக் குன்றுகள் நிலாவெளிக்குக் காவல் நிற்பதில்லை. கொட்டியாரக்குடாவின் கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் நிற்பதில்லை. 2004 டிசம்பர் 26 காலை அது தெரிந்தது. நிலாவெளிக் கரையை அலை வாரியது. கிண்ணியாவில் வைத்தியசாலையே அழிந்தது. காயம்பட்டவர்களைக் கொண்டுபோகவேண்டிய கட்டடம் எதுவோ, அதுவே முதலில் போனது.

அன்று ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமிப் போயா தினம். பாடசாலைகள் மூடிக் கிடந்தன. அதே அலை ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு வந்திருந்தால் கிழக்குக் கரையின் வகுப்பறைகளில் என்ன நடந்திருக்கும் என்று யோசித்தாலே நெஞ்சு பதறுகிறது. பல்கலைக்கழகம் பாடசாலையைப் போல இரண்டு மணிக்குப் பூட்டிவிட்டுப் போகிற இடமும் இல்லை. விடுதியில் இரவு நேரத்திலும் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களில் பலர் மலையகத்திலிருந்தும் கடலில்லாத மாவட்டங்களிலிருந்தும் வந்தவர்கள், கடலின் குணம் தெரியாதவர்கள். எச்சரிக்கை ஒலித்தால் எந்தப் பக்கம் ஓடுவது? பின்னால் களப்பு இருக்கிற பட்டியில் ‘உள்நாட்டுப் பக்கம் ஓடு’ என்பது அவ்வளவு எளிதான கட்டளை இல்லை.

சுனாமிக்குப் பிறகு அரசாங்கம் கரையோரத் தடைவலயம் ஒன்றை அறிவித்தது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். நம் பக்கத்துக்கு இரட்டிப்பு. கரையில் காலங்காலமாக வாழ்ந்த மீனவக் குடும்பங்களுக்கு ‘இங்கே வீடு கட்டாதே’ என்று சொல்லப்பட்டது. சிறிது காலத்திலேயே அந்த வலயம் தளர்த்தப்பட்டுவிட்டது. சட்டம் தளர்ந்ததால் கடல் தளரவில்லை. 1901க்கும் 2018க்கும் இடையில் உலகக் கடல் மட்டம் சுமார் 20 சென்டிமீற்றர் உயர்ந்திருக்கிறது. 2006 முதல் 2018 வரை ஆண்டுக்கு 3.7 மில்லிமீற்றர் என்ற வேகத்தில் ஏறியது என்று காலநிலை மாற்றத்துக்கான ஐ.நா. அரசுகளுக்கிடையிலான குழு கணக்கிட்டிருக்கிறது. இன்று கட்டும் விரிவுரை மண்டபம் அறுபது, எழுபது வருடம் நிற்கவேண்டியது. அது காணப்போகும் கடல் இன்றைய கடலாக இருக்காது.

புயலையும் எண்ணிப் பாருங்கள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த அதே புயல், அங்கே போகுமுன் வடகிழக்கு இலங்கையைக் கடந்துதான் போனது. 2000 டிசம்பர் 26 அன்று ஒரு சூறாவளி திருகோணமலைக் கரையில் ஏறியது. 2020 டிசம்பர் 2 இரவு ‘புரெவி’ திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே கரை கடந்தது. 2025 நவம்பர் இறுதியில் ‘டிட்வா’. மார்கழி மாதத்தில் கடலுக்கு முகம் கொடுத்து நிற்கிற ஊர் இது. பரீட்சைக் கால அட்டவணை போடுகிறவர்கள்கூட இதை நினைவில் வைத்திருக்கவேண்டும்.

டிட்வாவின் போது நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலான உயிர்கள் போனது மலைநாட்டு மண்சரிவில். ஆனால் மலையில் பெய்த மழை மலையில் நிற்பதில்லை. 335 கிலோமீற்றர் ஓடும் மகாவலி, பேராதனைப் பல்கலைக்கழகத்தின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு கீழிறங்கி, கடைசியில் நம் கொட்டியாரக்குடாவில்தான் கடலில் விழுகிறது. அந்த நவம்பரில் பேராதனையின் தாழ்வான பகுதிகளுக்குள்ளும் ஆறு புகுந்தது. பிறகு அந்தத் தண்ணீர் நம்மிடம் வந்தது. மாவிலாற்றின் அணை உடைந்தது. மூதூர், வெருகல், சேருவில பக்கமெல்லாம் வெள்ளக்காடு. ஊரில் ஒரு துளி மழை இல்லாத நாளில்கூட கண்டியிலிருந்து வெள்ளம் வரும் என்பதை மாவட்டத்தின் தென்பகுதி மக்கள் அனுபவத்தில் அறிவார்கள். 2011இன் தொடக்கத்திலும் கிழக்கு முழுவதும் இப்படித்தான் தண்ணீருக்குள் கிடந்தது. கந்தளாய்க் குளக்கட்டு 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. அது மாரிகாலம்கூட இல்லை. ஆகவே ‘கடலிலிருந்து தள்ளி உள்ளே கட்டுகிறோம், பயமில்லை’ என்று யாராவது சொன்னால், எந்தக் குளத்துக்குக் கீழே, எந்த ஆற்றின் வெள்ளப் பாதையில் என்று திருப்பிக் கேளுங்கள்.

அடுத்தது, நான் மிகவும் பயப்படும் ஒரு பேச்சு. ‘தாழ்ந்த காணியா? பரவாயில்லை, கிறவல் போட்டு உயர்த்திவிடுவோம்.’ இதைச் சொல்கிற ஒப்பந்தகாரர் வளாகத்தைக் காப்பாற்றுவதாக நினைக்கிறார். உண்மையில் அவர் வெள்ளத்தை அடுத்த வீட்டுக்கு அனுப்புகிறார். மாரியில் தரவையும் வயலும் பள்ளமும் தண்ணீரைப் பிடித்து வைத்து மெல்ல மெல்ல களப்புக்கு விடுகின்றன. அந்த இடத்தில் பல ஏக்கரை ஆறடி உயர்த்தினால், அங்கே நிற்கவேண்டிய தண்ணீர் வேறெங்கே போகும்? காசில்லாதவன் வீட்டு முற்றத்துக்குத்தான் போகும். சுற்றுமதில் எழுப்பினால் இன்னும் மோசம். ஒரு நீளமான மதில் வெள்ளத்துக்கு அணைக்கட்டு. மதகு வைக்க மறந்த ஒரு மதிலால் ஒரு குடியிருப்பே நாள்கணக்கில் தண்ணீரில் கிடக்கலாம். அடுத்த வளவின் வெள்ளத்தைக் கூட்டிவிட்டுத் தன் கூரையில் சூரிய மின்சாரம் எடுக்கிற நிறுவனத்தை ‘நிலைபேறானது’ என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. இன்னொன்று: நிரப்பும் கிறவல் வானத்திலிருந்து வருவதில்லை. எங்கோ ஒரு குன்றையோ குளத்தடியையோ தோண்டித்தான் வரும். அந்தக் குழியும் வளாகத்தின் கணக்கில் சேரவேண்டும்.

கரைப் பக்கம் கட்டுவோருக்கு இதற்கு நேரெதிர் ஆசை ஒன்று வரும்: மணல்மேட்டை வெட்டிச் சமன் செய்வது. கடல் தெரியவேண்டுமாம். 2004இல் யால கரையில், மணல்மேடு முழுசாக இருந்த இடங்களில் அலை தடுக்கப்பட்டது. காட்சிக்காக மேட்டை அகற்றியிருந்த ஒரு சுற்றுலா விடுதி அடியோடு போனது. சுனாமிக்குப் பிறகு வந்த ஆய்வாளர்கள் பதிவு செய்த விஷயம் இது. அடம்பன் கொடியும் இராவணன் மீசையும் தாழையும் பிடித்து வைத்திருக்கிற மேட்டைத் தொட்டு ‘நிலத்தோற்ற அழகுபடுத்தல்’ என்று வரைபடத்தில் எழுதியிருந்தால், அந்த வரைபடத்தைத் திருப்பி அனுப்புங்கள்.

இனி தண்ணீர். வெள்ளத்தைவிட இதுதான் எனக்குப் பெரிய கவலை. காரணம், வெள்ளத்தைக் கண்ணால் காணலாம். கிணற்றுக்குள் உப்பு ஏறுவதை யாரும் காண்பதில்லை.

கரையோர மணலுக்குள் நன்னீர் கடல்நீருக்கு மேல் மிதந்துகொண்டிருக்கிறது, பாலின் மேல் ஆடை படிவதைப் போல. நன்னீர் கடல்நீரைவிட இலேசானது, அதனால்தான் மிதக்கிறது. நிலத்தடி நீர்மட்டம் கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் உயரத்தில் இருந்தால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழம் வரை நன்னீர் இருக்க முடியும் என்பது நூறு வருடத்துக்கு மேலாகத் தெரிந்த கணக்கு. இதன் மறுபக்கம்தான் பயங்கரம். குழாய்க்கிணறு போட்டு மட்டத்தை அரை மீற்றர் இறக்கினால், கீழேயிருந்து உப்புநீர் 20 மீற்றர் அளவு மேலே ஏற வழி பிறக்கிறது. சுனாமிக்குப் பின் கிழக்குக் கரையில் உவர்ந்துபோன கிணறுகளைத் துப்புரவாக்குகிறோம் என்று அவசரப்பட்டு இறைத்ததில் சில இடங்களில் உப்பு இன்னும் கூடியது. அது நம் கண்முன் நடந்த பாடம்.

இப்போது ஒரு விடுதித் தொகுதியை நினைத்துப் பாருங்கள். ஆயிரம், இரண்டாயிரம் பிள்ளைகள். குளிக்க, துவைக்க, சமைக்க, மலசலகூடத்துக்கு. அதற்கு மேல் ‘பசுமை’ என்று காட்டப் புல்வெளி. அந்தப் புல்லுக்கும் கோடையில் தண்ணீர் ஊற்றவேண்டும். அவ்வளவையும் அதே மணலிலிருந்து எடுத்துவிட்டு, கழிவுநீரை அதே மணலில் குழி தோண்டி விட்டால், ஒரு பக்கம் உப்பும் மறுபக்கம் நைத்திரேற்றும் கிணற்றில் சேரும். முதலில் பாதிக்கப்படுவது வளாகம் இல்லை. வளாகத்துக்குத் தண்ணீர் பவுசர் வரும். அயலில் கிணற்றை நம்பி வெங்காயமும் மிளகாயும் செய்கிற குடும்பத்துக்கு யார் பவுசர் அனுப்புவார்?

திருகோணமலையின் வருட மழையில் பாதிக்கு மேல் ஒக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்று மாதத்திலேயே கொட்டித் தீர்ந்துவிடும். பிறகு நீண்ட வரட்சி. மழைநீர் சேகரிப்பு என்று ஒரு பிளாஸ்ரிக் தாங்கியைச் சுவரோரம் வைத்துப் படம் எடுப்பது இந்த ஊருக்குப் பொருந்தாது. மூன்று மாதத்து மழையை ஒன்பது மாதத்துக்குக் காப்பாற்றும் அளவு குளம் வேண்டும். குளம் கட்டுவதில் நமக்கு ஈராயிரம் வருடப் பழக்கம். கந்தளாயைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வளாகத்தின் வரைபடத்தில் குளம் முதலில் வரவேண்டும். கட்டடங்கள் அதைச் சுற்றி வரட்டும்.

உப்புக்காற்று பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடற்காற்றில் வரும் குளோரைட்டு கொங்கிரீட்டுக்குள் மெல்ல ஊறிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு வீங்கிக் கொங்கிரீட் வெடித்து விழும். கம்பிக்கு மேலே போதிய தடிப்பில் கொங்கிரீட் இல்லாமல் மிச்சம் பிடித்துக் கட்டினால், இருபது வருடத்தில் இடித்துக் கட்டவேண்டி வரும். ஒருமுறை கட்டியதை இன்னொருமுறை கட்டுவதைவிடச் சுற்றாடலுக்குப் பெரிய கேடு கட்டடத் துறையில் இல்லை. சூரிய மின்படலங்களும் அப்படியே. சூறாவளிக் காற்று அவற்றைக் கீழிருந்து தூக்கும். தாங்கும் சட்டமும் திருகாணியும் அதற்கேற்றபடி இல்லையென்றால் மின்படலம் பறந்து ஆளை வெட்டும். மின்பிறப்பாக்கியையும் மின்கலத்தையும் நிலத்தளத்தில் வைக்கிற வடிவமைப்பை எந்தச் சமாதானத்துக்கும் ஏற்காதீர்கள். மே முதல் ஓகஸ்ட் வரை கச்சான் வீசும்போது பகல் வெப்பம் 35 பாகையைத் தொடும் ஊரில், கொழும்பு அலுவலகங்களைப் பார்த்துக் கண்ணாடிச் சுவர் வைப்பதும் வேண்டாம்.

பசுமை என்ற பெயருக்குப் பின்னால் காணி எப்படிக் கைமாறுகிறது என்பதையும் நம் மாவட்டம் ஏற்கனவே பார்த்துவிட்டது. சம்பூரில் நிலக்கரி மின்நிலையம் வரவிருந்தது. 2016இல் அது கைவிடப்பட்டபோது நிம்மதிப் பெருமூச்சு விட்டோம். அதே சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின்திட்டத்துக்கு 2025 ஏப்ரல் 5 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. நிலக்கரியைவிட இது எவ்வளவோ மேல், சந்தேகமே இல்லை. ஆனால் அதே வருடம் முத்துநகர் விவசாயிகள், தாங்கள் வெள்ளாமை செய்துவந்த வயல்கள் சூரிய மின்திட்டங்களுக்குப் போகின்றன என்று வீதிக்கு வந்து போராடினார்கள். சூரிய ஒளி நல்லது. வயலைப் பறிகொடுத்தவனின் பசி அதனால் ஆறாது. போரில் இடம்பெயர்ந்து திரும்பி, உறுதி இல்லாமல் அனுமதிப்பத்திரத்தோடு மட்டும் காணி வைத்திருக்கிற குடும்பங்கள் நம் மாவட்டத்தில் ஏராளம். ஒரு பல்கலைக்கழகம் அவர்களில் ஒருவரின் காணியில்கூட எழும்பக் கூடாது.

தரவரிசை மோகமும் வரும். இந்தோனேசியப் பல்கலைக்கழகம் 2010இல் தொடங்கிய ‘கிரீன்மெட்ரிக்’ பட்டியல் உலகப் பல்கலைக்கழகங்களைச் சக்தி, கழிவு, நீர், போக்குவரத்து என்று பிரித்துப் புள்ளி போடுகிறது. நல்ல முயற்சிதான். புள்ளிக்காக வேலை செய்யத் தொடங்கும்போது, எண்ணக்கூடியதெல்லாம் கூடும். அயலவரின் கிணறு எண்ணிக்கைக்குள் வராது.

சரியாகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். மாத்தறையில் றுகுணு பல்கலைக்கழகத்தை வடிவமைத்த ஜெப்ரி பாவா குன்றுகளை வெட்டிச் சமன் செய்யவில்லை. சரிவுகளின் போக்கிலேயே சிறு சிறு கட்டடங்களை அடுக்கி, கூரையிட்ட நடைபாதைகளால் இணைத்தார். தாழ்ந்த நிலத்தைத் தண்ணீருக்கே விட்டு ஏரியாக்கினார். அப்போது ‘பசுமைக் கட்டடம்’ என்ற பேச்சே நம் நாட்டில் இல்லை. பீகாரில் ராஜ்கிர் அருகே 2024 ஜூன் 19 அன்று திறக்கப்பட்ட நாளந்தா பல்கலைக்கழகத்தின் புது வளாகம் 455 ஏக்கர். அதில் சுமார் 100 ஏக்கர் நீர்நிலை. அந்தப் பகுதியின் பழைய பாசன முறையையே வளாகத்துக்குள் கொண்டுவந்தார்கள். பங்களாதேஷில் வருடம்தோறும் ஆறு ஏறும் ஒரு கரையில், வரட்சியில் தரையில் உட்கார்ந்து வெள்ளத்தில் மிதக்கும் மூங்கில் பாடசாலை ஒன்றைக் கட்டினார் சைஃப் உல் ஹக். அதற்கு 2019இல் ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது. மண்ணை நிரப்பிக் கட்ட அவருக்கு வழி இருந்தது, நிரப்பவில்லை.

மாணவர்களே, கிராம அபிவிருத்திச் சங்கக்காரரே, உங்கள் கையில் ஆயுதம் இருக்கிறது. 1981ஆம் ஆண்டின் கரையோரம் பேணல் சட்டப்படி உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றர் கரையோர வலயம். அதற்குள் அனுமதிப்பத்திரம் இல்லாமல் அபிவிருத்தி வேலை செய்ய முடியாது. களப்பு போன்ற, கடலோடு தொடுக்கும் நீர்நிலைகளுக்கு அந்த வலயம் இன்னும் உள்ளே நீளும். பெரிய திட்டமானால் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து 30 நாட்கள் கருத்துக் கேட்கவேண்டும். அந்த 30 நாளைத் தவறவிடாதீர்கள். அறிக்கை தமிழில் இருக்கிறதா என்று முதல் நாளே பிரதேச செயலகத்துக்குப் போய்ப் பாருங்கள். பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் எழுதுங்கள். வெள்ள மட்டம், நிலத்தடி நீர்ச் சோதனை, கழிவுநீர்த் திட்டம், வெளியேறும் பாதை, காணியின் பழைய உரிமை — ஐந்தையும் எழுத்தில் கேளுங்கள்.

வெளிநாட்டிலிருந்து காசு தருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெயர்க்கல்லுக்குப் பதிலாக மேல்தளத்தைக் கேளுங்கள். அனர்த்தம் வந்தால் நம் ஊரில் பாடசாலையும் கல்லூரியும்தான் சனம் ஓடிவந்து தங்கும் இடம். வெள்ள மட்டத்துக்கு மேலே ஒரு தளம், வெளியிலிருந்தே ஏறக்கூடிய அகலமான படிக்கட்டு, மேலேயே தண்ணீர்த் தாங்கியும் மலசலகூடமும், வயதானவர்களையும் சக்கரநாற்காலிக்காரரையும் ஏற்றச் சரிவுப்பாதை. இவை இருந்தால் அந்தக் கட்டடம் அயல் கிராமம் முழுவதற்கும் உயிர் காக்கும்.

கடைசியாக, எந்தத் திட்ட அறிக்கை கையில் கிடைத்தாலும் நிபுணர்கள் காணியை நேரில் பார்த்த திகதியைத் தேடிப் பாருங்கள். ஜூலையில், ஓகஸ்ட்டில் வந்தவருக்கு நம் தரவை காய்ந்த புல்வெளி. லொறி ஓடலாம், கிரிக்கெட் விளையாடலாம். திகதி கோடைகாலத்தில் மட்டும் இருந்தால் கையெழுத்து வைக்க விடாதீர்கள். மார்கழி மாரியில், தண்ணீர் நிற்கும்போது, அளவுகோலோடு திரும்ப வரச் சொல்லுங்கள். அந்தக் காணியில் முப்பது நாற்பது வருடம் மாடு மேய்த்த ஒருவரையும் அவர்களோடு கூட்டிப் போங்கள். 2011இல் தண்ணீர் எதுவரை வந்தது, டிட்வாவில் எதுவரை வந்தது என்று அவர் கைகாட்டும் இடங்களில் கல் நட்டு, அதை வரைபடத்தில் ஏற்றிய பிறகுதான் அத்திவாரத்தைப் பற்றிப் பேசவேண்டும்.